வழியனுப்ப இறங்கிய பங்களா

எங்கள் பங்களா முதல் அடி எடுத்து வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றேகால் மணிக்கு. நூற்றிருபது வருஷமாக நின்ற இடத்தில் நின்ற வீடு, எட்டு அறையும் பதினாறு ஜன்னலும் தேக்குப் படிக்கட்டும் வராந்தாவில் பத்துத் தூணும் உள்ள வீடு, வெள்ளைக்காரத் துரை கட்டி, சேலத்துக்காரர் வாங்கி, அவர் பேரன் குணசீலன் சார் கையில் வந்து சேர்ந்த வீடு, படுத்திருந்த மாடு எழுந்திரிக்கும்போது ஒரு பெருமூச்சு விடுமே, அந்த மாதிரி ஒன்றை விட்டுவிட்டுச் சரிவுப் பக்கமாக ஓர் அடி இறங்கி மறுபடி நின்றுகொண்டது. பின்னால் தனியாக இருக்கிற சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பாப்பாத்தி அத்தை தலையைத் தூக்கிப் பார்த்து, "நகர்றதுதான் நகர்ற, சொல்லிட்டு நகரக் கூடாதா, தூசி பூரா சட்டியில விழுது" என்று சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள். சமையல்கட்டுக்குப் பொறுப்பான என் அம்மா மாதேஸ்வரி அப்போது அங்கே இல்லை. அவள் எங்கே இருந்தாள் என்பதைப் பிறகு சொல்கிறேன், சொல்லாமல் விட முடியாது.

ஆலாங்காடு எஸ்டேட் பங்களாவுக்குத் தனி ஆள் வந்து தங்க முடியாது, கூட்டமாகத்தான் வர வேண்டும், குறைந்தது பதினைந்து பேர். ஒரே கலர் டீஷர்ட் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வருவார்கள், வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரே ரூமில் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை எங்கள் புல்தரையில் கயிறு இழுத்து ஒருத்தரை ஒருத்தர் புதிதாகத் தெரிந்துகொள்வார்கள். வெள்ளைத் துணி உடுத்திய மூச்சுப் பயிற்சிக்காரர்கள் வருவார்கள், மூக்கை ஒருபக்கம் பொத்திக்கொண்டே தோசைக்கு இன்னொரு கரண்டி சட்னி கேட்பார்கள். நாவல் எழுதப்போகிறோம் என்று வந்து மூன்று நாளும் தூங்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எண்பத்தேழாம் வருஷம் ஒன்றாகப் படித்தவர்கள் தொப்பையோடு வந்து, பழைய வாத்தியார் ஒருத்தரைப் பழைய பட்டப்பெயரால் கூப்பிட்டுச் சிரித்து, கடைசி நாள் காலையில் யாருக்கும் தெரியாமல் பாத்ரூமில் அழுதுவிட்டுப் போவார்கள். இவர்கள் எல்லாருடைய குரலும் என்னிடம் இருக்கிறது. ஒரு தடவை கேட்டால் போதும், தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். குணசீலன் சார் குரலில் ஜன்னலுக்கு வெளியே நின்று "இன்னைக்கு எல்லாருக்கும் லீவு" என்று சொல்லி, காப்பிப் பழம் பறிக்கப் போன அறுபது பேரைப் பாதி வழியில் வீட்டுக்குத் திருப்பியிருக்கிறேன். ஸ்வேதா மேடம் என்று ஒரு கம்பெனி அம்மா, "எனர்ஜி, எனர்ஜி" என்று கைதட்டிக்கொண்டே பேசுவார்கள். அவர் குரலில் காலை ஐந்தரைக்கு நாற்பது பேரைப் பனியில் நிற்கவைத்து, வானத்தைப் பார்த்து ஹாஹா என்று சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். சிரித்தார்கள். மேடமும் வந்து வரிசையில் நின்று சிரித்தார்கள்.

கூட்டங்களைப் பார்த்துக்கொண்டது என் அக்கா பூங்கோதை. என்னைவிட மூன்று வயது மூத்தவள், பத்தொன்பது. யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் குறட்டை, யாருக்கு யாருடன் பேச்சுவார்த்தை இல்லை என்று முதல் நாள் மத்தியானத்துக்குள் தெரிந்துகொண்டு அறை பிரித்துவிடுவாள். வழியனுப்புகிற முறையை உண்டாக்கியவளும் அவள்தான், பதிமூன்று வயதில். கடைசி நாள் பதினொரு மணிக்குப் பெட்டியெல்லாம் வண்டியில் ஏறியதும் எல்லாரையும் வராந்தாவில் வரிசையாக நிறுத்துவாள். "நம்ம ஊருல போறேன்னு சொல்லக் கூடாதுங்க. மூணு நாளா உங்களைத் தாங்கின வீடு இது, அதுகிட்டயும் சொல்லிட்டுக் கெளம்புங்க" என்பாள். ஒவ்வொருவராக வந்து மூன்றாவது தூணில் உள்ளங்கையை வைத்து, "போயிட்டு வர்றோம்" என்பார்கள். இந்திக்காரர்கள்கூட மனப்பாடம் பண்ணிச் சொன்னார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆறு வருஷம் கைபட்டுக் கைபட்டு அந்த ஒரு தூண் மட்டும் எண்ணெய் தேய்த்த தலை மாதிரி கறுத்துப் போனது. சொன்னவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் அவர்களுக்கு வேறு மலை, வேறு பங்களா. ஒரே வாசலில் நின்று இத்தனை பேர் வர்றோம் வர்றோம் என்று சொல்லிவிட்டுப் போனால் அந்த வீடு என்ன நினைத்துக்கொண்டிருக்கும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

ஐப்பசி மழையில் பூங்கோதைக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பில் ஏற்றச் சேலை போர்த்திக் கூட்டிவந்தபோது, நடக்கத் தெம்பில்லாதவள் அம்மாவை நிறுத்தி, தூணுக்குப் போய், கையை வைத்து, "போயிட்டு வர்றேன்" என்றாள். நான் அவள் பின்னால் நின்று ஸ்வேதா மேடம் குரலில் "எனர்ஜி, எனர்ஜி" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. நான்காம் நாள் வண்டியில் கொண்டுவந்தார்கள். கேட் ரோடு மழையில் சரிந்து கிடந்ததால் மேலே ஏற முடியாமல், தொழிலாளிகள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குக் கீழே இருக்கிற மண்பாதையில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்தே தூக்கிப் போய், பங்களாவுக்கு நேர் கீழே சரிவில் நிற்கிற சில்வர் ஓக் மரத்தடியில், அவள் போன் பேச உட்காருகிற இடத்தில் அடக்கம் செய்தோம். வீட்டு வாசலுக்கு அவளைக் கொண்டுவரவில்லை. அப்போது அது யாருக்கும் ஒரு குறையாகத் தோன்றவில்லை.

அப்புறம்தான் வீடு நடக்கத் தொடங்கியது. ஒவ்வொரு கூட்டமும் தூணில் கை வைத்துச் சொல்லிவிட்டு வண்டி ஏறி, கேட்டைத் தாண்டி, ஹார்ன் சத்தம் வளைவில் தேய்ந்து போனதும், சரியாகப் பதினொன்றேகாலுக்கு அந்தப் பெருமூச்சு வரும், ஓர் அடி இறங்கும், நிற்கும். மூன்றாவது வாரத்துக்குள் எஸ்டேட்டுக்கு அது பழகிவிட்டது. இருசப்பன் மேஸ்திரி தண்ணீர்க் குழாயை அறுத்துவிட்டு, இழுத்தால் நீளும்படி ரப்பர் ஹோஸ் மாட்டிக் கொடுத்தார். கரண்டுக்காரர் கம்பத்தில் கூடுதலாக ஒரு சுருள் வயரைத் தொங்கவிட்டு, "இது ஆவணி வரைக்கும் தாங்கும், அப்புறம் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பால்காரர் பங்களாவுக்கு முன்னால் மாடு கட்டுவதை நிறுத்தினார். சமையல்கட்டு இருந்த இடத்திலேயே இருக்க, பங்களா மட்டும் தள்ளித் தள்ளிப் போனதால் வாரத்துக்கு வாரம் சாம்பார் ஆறிப் போகிறது என்று பாப்பாத்தி அத்தை கோபித்துக்கொண்டாள். கிராம நிர்வாக அலுவலர் டேப்போடு வந்தார். நகர்ந்தது ஆறு அடியாக இருந்தால் பழைய சர்வே நம்பர், ஏழு அடியாகிவிட்டால் புது நம்பர் என்று சொல்லி, வீட்டைச் சுற்றி இரண்டு தரம் வந்து, நோட்டில் 'பங்களா தற்சமயம் இருக்கும் இடம்' என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

குணசீலன் சார் கேட்டில் 'நடக்கும் பங்களா' என்று போர்டு வைத்தார். அதைப் பார்க்கவே நிறையக் கூட்டம் வந்தது. தரையில் காதை வைத்துப் படுத்துக் காத்திருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவர்கள் போன பிறகுதான் அது நடக்கும். விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அது எப்போதும் நின்ற வீடுதான். இங்கேயே இருக்கிற எங்களுக்குத்தான் நடக்கிற வீடு.

"எல்லாம் சரி," என்பார் இருசப்பன் மேஸ்திரி, பீடியைப் பற்றவைத்தபடி. "வந்தவங்க கேட் வழியாப் போறாங்க. கேட் இடதுபக்கம் இருக்கு. இது எதுக்கு நேரா மரத்தைப் பாத்து எறங்குது?"

"சரிவு அந்தப் பக்கம்" என்பார் குணசீலன் சார்.

"கேட் பக்கமும் சரிவுதானுங்களே."

"வீட்டுக்கு வழி தெரியலியோ என்னமோ, நீ போய்க் கையப் புடிச்சுக் காட்டேன்" என்பாள் பாப்பாத்தி அத்தை.

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் மேஸ்திரியின் குரலிலேயே சிரிப்பேன். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். கூட்டம் போன ஒவ்வொரு ஞாயிறும் அவள் பங்களாவின் கடைசிப் படியில் குதிகாலை வைத்து, பெருவிரலோடு அடுத்த குதிகாலை ஒட்டி, ஒட்டி ஒட்டி, மரத்தடி வரைக்கும் நடந்து அளப்பாள். ஐம்பதில் ஆரம்பித்தது, நாற்பதானது, முப்பதானது. ஒருநாள் என்னைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "இப்படியே வந்தா அவ மேல ஏறி உக்காந்துக்கும் கண்ணு. அப்புறம் நான் எங்க போயி உக்காருவேன்?"

குணசீலன் சாரிடம் போய், கொஞ்ச நாள் கூட்டம் வேண்டாம் என்று கேட்டாள். அவர் நல்லவர்தான், எழுந்து நின்று பதில் சொன்னார். "மாதேஸ்வரிம்மா, காப்பி ரெண்டு வருஷமாக் காய்க்கல. லைன் வீட்டுல இருபத்தாறு அடுப்பு எரியுதுன்னா இந்தக் கூட்டங்களாலதான். நீங்க சொன்னா நிறுத்தறேன், ஆனா சொல்லிட்டு அந்த இருபத்தாறு வீட்டையும் பாத்துட்டு வாங்க." அம்மா லைன் வீட்டுப் பக்கம் பார்த்தாள். அவரே மெதுவாக, "வேணும்னா அந்த இடத்தை வேற பக்கம் மாத்திடலாம், செலவு என்னது" என்றார்.

"அவ ஒரு தடவை எடம் மாறினது போதுங்க" என்றாள் அம்மா.

இப்போது அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். பூங்கோதை போன பத்தாம் நாள் அது. முன்னாடியே சொல்லிவைத்திருந்த எண்பத்தேழாம் வருஷத்துக் கூட்டம் வந்து தங்கிவிட்டுப் போயிருந்தது. பத்து நாளாக அம்மா என்னிடம் பேசவில்லை, யாரிடமும் பேசவில்லை, உப்பு எடு, தண்ணி ஊத்து என்பதைக்கூடக் கையால் காட்டினாள். அப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டார். நான் குரல் மாற்றிப் பேசினால் சிரிக்க ஆள் இல்லை. அம்மா ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும் என்றிருந்தது எனக்கு. சரிவில் இறங்கி, சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று, என் தொண்டையில் சும்மா கிடந்த அவள் குரலை எடுத்து, "அம்மா, பசிக்குதும்மா, இங்க வா" என்று கூப்பிட்டேன்.

அம்மா சமையல்கட்டிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்தாள். கையில் கரண்டி இருந்தது, வழியெல்லாம் சாம்பார் சொட்டியது. காப்பிச் செடி கிழித்துக் கணுக்காலில் ரத்தம். மரத்தைச் சுற்றி வந்து என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். முந்தானையால் கரண்டியைத் துடைத்தாள், திரும்பி ஏறிப் போனாள். அவளுக்குப் பின்னால், சரிவின் உச்சியில், அந்த வீடு அப்போதுதான் ஓர் அடி இறங்கி நின்றிருந்தது. வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனவளின் குரல் கீழேயிருந்து கேட்டால் அம்மாவுக்கு மட்டுமா கால் எழும்? ஒரு தடவை இறங்கிப் பழகிய கால், அதற்கப்புறம் யார் போனாலும் அந்தப் பக்கமே இறங்கியது. மேஸ்திரியின் கேள்விக்குப் பதில் ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, ஒன்றேகால் வருஷம் நான் எல்லாருடைய குரலிலும் பேசினேன், அதை மட்டும் பேசவில்லை.

அம்மாவின் கணக்கு பன்னிரண்டு அடியில் இருந்தபோது, ஆடி மாசத்தில், ஸ்வேதா மேடத்தின் கூட்டம் மாதிரியே இன்னொரு கம்பெனிக் கூட்டம் வந்து போனது. வண்டி வளைவு திரும்புகிற நேரத்தில் நான் நடுக்கூடத்தில் பெருக்குகிற அக்காமார்களுக்கு அந்தக் கூட்டத்துத் தலைவரைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன், மூக்கால் பேசுகிற மனுஷன், "ஃபிரண்ட்ஸ், எல்லாரும் கண்ணை மூடுங்க, உங்க போன மாச டார்கெட்டை நெனச்சுக்கங்க." அவர்கள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். பதினொன்றேகால் ஆனது. பதினொன்றரை ஆனது. பெருமூச்சு வரவில்லை. அம்மா போய் அளந்துவிட்டு வந்தாள், பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருந்தது. வாசலில் நின்று என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அது அவங்க இன்னும் போகலன்னு நெனச்சுக்கிட்டிருக்குது," என்றாள். "அப்படியே பேசிக்கிட்டிரு கண்ணு, நிறுத்திடாத." எனக்குச் சோறு போட்டு அங்கேயே கொண்டுவந்து வைத்தாள்.

அன்றிலிருந்து ஆறு மாசம் நாங்கள் ஒரு வீட்டை ஏமாற்றினோம். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகப்பெரிய குறும்பு அதுதான், எஸ்டேட்டே அதில் சேர்ந்துகொண்டது. கூட்டம் போனதும் நான் கூடத்தில் உட்கார்ந்து அவர்கள் குரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். லைன் வீட்டு ஆட்கள் வந்து நாற்காலியை இழுப்பார்கள், ஸ்பூனைத் தட்டில் தட்டுவார்கள், பாத்ரூமில் தண்ணீர் திறந்து மூடுவார்கள். இருசப்பன் மேஸ்திரி மாடியறையில் படுத்துத் தொப்பைக்காரர்களுக்காகக் குறட்டை விடுவார், பல நாள் நிஜமாகவே. பாப்பாத்தி அத்தை சுடிதார் போட்டுக்கொண்டு வராந்தாவில் போனில் பேசுகிற மாதிரி நடப்பாள், "ஓகே, ஓகே, ஓகேங்கறேன்ல." அடுத்த கூட்டம் வந்து இறங்குகிற வரைக்கும் இப்படித்தான் இருக்க வேண்டும், அப்புறம் வீடு புதுக் குரல்களில் பழசை மறந்துவிடும். பள்ளிக்கூடம் போகிற நாளில் காலையும் மாலையும் வந்து கொஞ்சம் பேசிவிட்டுப் போவேன்.

மார்கழி பிறந்ததும் ஒரு மௌனக் கூட்டம் வந்தது, முப்பத்திரண்டு பேர், மூன்று நாள் ஒரு வார்த்தை பேசாதவர்கள். அவர்கள் போனதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேசாத ஆளை எப்படிப் பேசிக்காட்டுவது? நான் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, முப்பத்திரண்டு பேர் சும்மா இருப்பதைச் செய்தேன். அது லேசில்லை. கோபித்துக்கொண்டு சும்மா இருப்பவர் மூச்சு வேறு, தூக்கம் வந்து சும்மா இருப்பவர் மூச்சு வேறு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மா எதையோ யாரிடமோ சொல்லாமல் வந்துவிட்டவர்போல மூன்று நாளும் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தார். அவரைச் செய்யும்போது நானும் உதட்டை நனைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் வாசலில் அம்மா நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் வைத்திருக்கிறவள் நானும்தானே, அந்த வயசான அம்மாளை நான் செய்துகாட்டத் தேவையே இருந்திருக்கவில்லை என்று தோன்றியது.

தை மாசப் பனியில் என் தொண்டை கட்டியது. முதலில் கரகரத்தது, பிறகு காற்று மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. மற்றவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். மேஸ்திரி ஸ்வேதா மேடம் மாதிரி "எனர்ஜி" என்றதற்கு வீடு ஏமாறுவதற்குப் பதில் கூரையிலிருந்து இரண்டு ஓடுகளை உதிர்த்தது. ஏழு கூட்டம் போனது. பன்னிரண்டு ஐந்தானது. பங்களாவின் கடைசிப் படியிலிருந்து பார்த்தால் மரத்தடியில் அம்மா வைத்த செண்டுமல்லியின் மொட்டு எண்ணலாம்.

மாசி கடைசியில் என் தொண்டை லேசாகத் திறந்த அன்று குணசீலன் சார் சமையல்கட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் லைன் வீட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். யார் ஆரம்பிப்பது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பாப்பாத்தி அத்தைதான் சொன்னாள்.

"மாலினி, இத்தன பேரு குரலையும் செய்யற. ஒரே ஒரு தடவை அவ குரல்ல, உள்ள நின்னு, நான் வந்துட்டேன்னு சொல்லிரு சாமி. அவளே வந்துட்டான்னு தெரிஞ்சா இந்த வீடு வேற எங்க போகப்போகுது?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அடுப்பை அணைத்தாள், கையைக் கழுவினாள், எனக்கு முன்னால் நடந்து பங்களாவுக்குப் போனாள். மூன்றாவது தூண் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மற்றவர்கள் வராந்தாவில் நின்றார்கள். நான் கூடத்தின் நடுவில், வெயில் விழுகிற இடத்தில் நின்று, வாயைத் திறந்தேன்.

"அம்மா" என்றேன்.

அது பூங்கோதைதான். ஒரு மயிரிழை பிசகில்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பதினாறு ஜன்னலும் ஒன்றாகத் திறந்துகொண்டன, மாடியிலிருந்து யாரோ ஓடி இறங்குகிற மாதிரி தேக்குப் படிகள் மேலிருந்து கீழ்வரைக்கும் வரிசையாக அதிர்ந்தன, ஆறு வருஷ உள்ளங்கை எண்ணெய் பூசிய தூண் வெயிலில் மினுங்கியது, ஓட்டு இடுக்கில் இருந்த குருவிகள் எல்லாம் கிளம்பின. ஒரு வீடு சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள், அவள் கால்விரல்கள் தரையைப் பற்றியிருந்தன. ஓடிவராமல் இருக்கத்தான் அப்படிப் பற்றியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வந்துட்டேன் என்கிற அடுத்த வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. அதை என்னால் சொல்ல முடியவில்லை.

"அது நான்," என்றேன், கட்டின தொண்டையில், எனக்கே பழக்கமில்லாத என் குரலில். "அவ இல்ல. அன்னைக்கு மரத்துக்குப் பின்னால இருந்து கூப்பிட்டதும் நான்தான். அதான் இது அங்கயே போகுது. நான் கூப்பிட்டதாலதான் போகுது."

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"தெரியும் கண்ணு."

"பாத்துட்டே இல்ல, அதனாலயா?"

"பாக்கறதுக்கு முன்னாலயே தெரியும். அவ எந்தக் காலத்துல பசிக்குதுன்னு சொன்னா? சட்டிய எடுத்துத் தொறந்து பாத்துக்கிட்டு, என்னதான் பண்ணியிருக்கேன்னு கேப்பா. பசிக்குது பசிக்குதுன்னு நிக்கறது நீதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தெரிஞ்சுதான் ஓடியாந்தேன். தெரிஞ்சாலும் ஓடத்தான் வேண்டியிருந்துச்சு."

பிறகு அவள் தூணின் பக்கம் திரும்பி, கூட்டங்கள் கை வைக்கிற இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள். தூரத்து ஊரில் இருக்கிற வயசான சொந்தக்காரருக்குத் துக்கம் சொல்லப் போனவள் எப்படிப் பேசுவாளோ, அப்படிப் பேசினாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பூங்கோதை வர்றேன்னுதான் சொல்லிட்டுப் போனா. அவ பொய் சொல்லல. காய்ச்சல் எறங்கல, நாலாம் நாளு காலையில போயிட்டா. கேட் ரோடு சரிஞ்சு கெடந்துச்சு, கீழ் வழியாவே தூக்கிட்டுப் போயிட்டோம். வாசலுக்குக் கொண்டாந்து உனக்குக் காட்டியிருக்கணும். காட்டல. எல்லாருக்கும் சொல்லி அனுப்பினோம், உனக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணல. அது எங்க தப்புதான். அதோ, அந்த மரத்தடியிலதான் இருக்கா. அவ இனிமே வர மாட்டா." அந்தக் கடைசி வாக்கியத்தை அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னாள். யார் கேட்டாலும், பூங்கோதை போயிருக்கா என்றுதான் அதுவரைக்கும் சொல்லிவந்தாள்.

பிறகு திறந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன, முதலில் மாடி, பிறகு கீழ், பதினாறும். கூடம் இருட்டானது. பெருமூச்சு வரவில்லை. நாங்கள் எல்லாரும் உள்ளே இருக்கும்போதே, யாரும் கிளம்பிப் போகாதபோதே, வயசானவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல, மெதுவாக, ஓர் அடி இறங்கியது. நின்று, இன்னோர் அடி. அப்புறம் கற்களெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று அழுந்துகிற சத்தத்தோடு உட்கார்ந்தது. நாங்கள் வெளியே வந்து பார்த்தோம். அம்மா குதிகால் ஒட்டி அளந்தாள். கடைசிப் படிக்கும் பூங்கோதைக்கும் நடுவில் மூன்று அடி. ஒரு ஆள் காலை மடக்கி உட்கார அது போதும். பாப்பாத்தி அத்தை முதலில் குரலெடுத்தாள், பிறகு மற்றவர்கள். பூங்கோதைக்காக அந்த வாசலில் அன்றைக்குத்தான் அழுதார்கள், ஒன்றேகால் வருஷம் தாமதமாக. நான் அதில் யார் குரலையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகும் கூட்டங்கள் வருகின்றன. குணசீலன் சார் போர்டை 'நடந்த பங்களா' என்று திருத்திவிட்டார். வழியனுப்புவது இப்போது அம்மா. வரிசையில் நிற்கிறவர்களிடம், "நெசமா வர்றதா இருந்தா வர்றோம்னு சொல்லுங்க. இல்லன்னா போறோம்னே சொல்லிருங்க, ஒண்ணும் ஆகாது, இது தாங்கிக்கும்" என்கிறாள். அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். பெட்டியைப் பார்ப்பார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். பிறகு தூணில் கை வைத்து, பெரும்பாலானவர்கள் மெதுவாக, "போறோம்" என்கிறார்கள். பதினொன்றேகால் ஆகும். வீடு அசையாது.

ஆனி மாசம் எனக்குச் சேலத்தில் காலேஜ் கிடைத்தது, ஹாஸ்டல். திங்கட்கிழமை காலையில் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் மூன்றாவது தூணுக்குப் போனேன். குணசீலன் சார், ஸ்வேதா மேடம், மேஸ்திரி, எத்தனையோ பேர் தொண்டையில் வரிசையாக நின்றார்கள், யாராவது ஒருத்தர் எனக்காகச் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. கை வைத்தேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுல வர்றேன்" என்று நானே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பஸ் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பஞ்சராகி நின்றுவிட்டது. இறங்கிக் கேட்டுக்குள் நுழையும்போது மணி ஏழு, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வராந்தாவின் இடதுபக்க மூலையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் நிற்கிற இடத்துக்குக் கீழே பச்சை மண் பிளந்து கிடந்தது, ரப்பர் ஹோஸ் இழுபட்டு நேராகியிருந்தது. நான் பையை இறக்கிவைத்துவிட்டு, குதிகாலும் விரலும் ஒட்டி அளந்து பார்த்தேன்.

பூங்கோதைக்குப் பக்கத்தில் மூன்று அடி அப்படியே இருந்தது. கேட் பக்கமாக வீடு ஓர் அடி வந்திருந்தது.